மேனேஜரைத் ‘தொழிலதிபர்’ ஆக்காதீர்கள்

பெரிய கம்பெனியின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவரைத் ‘தொழிலதிபர்’ ஆக்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இத்தாலியக் கார் கம்பெனியான ஃபியட்டை நடத்திய விட்டோரியோ வல்லெட்டாவும் தொழிலதிபர்தான். அவர் மேனேஜர் ஐயா!

மேனேஜர் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தாலும் வேர் இத்தாலியில். ‘மானோ’ என்றால் கை. ‘மனெஜ்ஜாரே’ என்றால் கையாளுதல், குறிப்பாகக் குதிரையைப் பழக்குதல். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன சொல், பின்னால் ‘மேனேஜர்’ ஆகி இத்தாலிக்கே திரும்பிவிட்டது. வேரைப் பிடித்துக் ‘கையாளர்’ என்று வைக்கலாம்தான். ஆனால் ‘கையாள்’ என்றால் நம் ஊரில் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சரி, ‘அதிபர்’ யார்? ஆலை அதிபர், பத்திரிகை அதிபர் என்றால் சொத்து அவருடையது. ஃபியட்டோ அன்யெல்லி குடும்பத்தின் கையில் இருந்தது. வல்லெட்டா கணக்கியல் பேராசிரியர். 1921-இல் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். பாசிச ஆட்சியோடு ஒத்துழைத்தார் என்று 1945-இல் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டே தலைவராகத் திரும்பினார். ஆலைக்குள் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத்தை ஒடுக்கியவர், 1966-இல் வோல்கா கரையில் கார் ஆலை கட்ட சோவியத் அரசோடு ஒப்பந்தம் பேசி முடித்தார்! அதே ஆண்டு தலைவர் நாற்காலி நிறுவனரின் பேரன் ஜான்னி அன்யெல்லிக்குப் போனது. வல்லெட்டாவை இத்தாலியக் குடியரசுத் தலைவர் சரகாத் வாழ்நாள் செனட்டர் ஆக்கினார். இவரைத் தொழிலதிபர் என்றால், முதலாளி ஒருவர் செனட்டுக்குப் போன கதையாகிவிடும். போனவர் சம்பளக்காரர்.

‘நிர்வாகி’ என்று போடலாமே என்பார்கள். வடசொல் என்பதால் நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டு அரசியல் செய்தியில் ‘நிர்வாகிகள்’ என்றால் கட்சியின் மாவட்டச் செயலாளரும் பொருளாளரும்தான். அரசியலுக்கும் வந்த ஒரு மேனேஜருக்கு அந்தச் சொல்லைப் போட்டால், எந்தக் கட்சி என்று வாசகர் தேடுவார். இலங்கையில் ‘முகாமையாளர்’ என்கிறார்கள். அங்கே வேரூன்றிய சொல், இங்கே அதற்கு விளக்கம் எழுத வேண்டும்.

‘மேலாளர்’ போதும். வங்கிக் கிளை மேலாளர் மாதிரி சின்னதாக ஒலிக்கிறதாம்! ஆளின் அளவைக் காட்ட ஃபியட் என்ற பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. தலைவர் பதவியில் இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது தலைவர் என்றே எழுதுங்கள். பெரிய பதவிக்கெல்லாம் ‘அதிபர்’ ஒட்டுகிற பழக்கத்தில் நாட்டுத் தலைவரும் அதிபர், ஆலைக்காரரும் அதிபர் என்று ஏற்கெனவே நெரிசல். சம்பளம் வாங்குகிறவரையும் ஏன் அதில் ஏற்ற வேண்டும்?