எழுத்தை எண்ணி அகலம் போடாதீர்கள்

காரைக்குடி வட்டாரக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதித் தருவதும் பராமரிப்பதும் என் வேலை. தரைக்கல் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, பலகாரக் கடை என்று எங்கே போனாலும் ஒரு குறை காதில் விழும்: திரையில் பெயர் பாதிதான் தெரிகிறது.

ஒரு கல் கடையில் 'ஆத்தங்குடி பூக்கல் 8 அங்குலம்', 'ஆத்தங்குடி பூக்கல் 10 அங்குலம்' என்று இரண்டு சரக்கு. பட்டியலைக் கொஞ்சம் சுருக்கினால் இரண்டுமே 'ஆத்தங்குடி பூக்...' என்று நிற்கின்றன. "எந்த அளவுன்னு தெரியாம எதைத் தம்பி வண்டியில ஏத்துறது?" என்று கேட்டார் கடைக்காரர். நியாயமான கேள்வி. மாற்றி ஏற்றினால் அங்கே கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பழைய நிரலைத் திறந்தால், பெயர் வரும் பெட்டியின் அகலத்தை, எழுத்துக்கு இத்தனை பிக்சல் (திரைப் புள்ளி) என்று வைத்துப் பெருக்கியிருந்தது. தமிழுக்கு இது சுத்தமாக ஒத்துவராது. 'ஆத்தங்குடி' நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 10 குறியீடு; மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியாக எண்ணும். இரண்டு எண்ணுமே அகலத்தைச் சொல்லாது. 'ர' ஒல்லி, 'ணை' அகலம். சரி, குறியீடு குறியீடாக அளந்து கூட்டலாமே என்றால் அதுவும் தப்பு. 'கு'வில் உள்ள உகரக் குறியைத் தனியாக வரையச் சொன்னால், பெரும்பாலும் ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். அந்த வட்டமும் கணக்கில் ஏறிவிடும். சேர்ந்து வரும்போதோ 'கு' ஒரே வடிவம்.

ஆகவே முழுச் சொற்றொடரையும், அதை வரையப்போகும் கருவியிடமே கொடுத்துக் கேளுங்கள். அதற்கான கட்டளை, உலாவியில் கேன்வாஸ் என்ற வரைபலகையின் மெஷர்டெக்ஸ்ட் (measureText), செயலி எழுத உதவும் க்யூட்டியில் (Qt) ஹரிசான்டல்அட்வான்ஸ் (horizontalAdvance). எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றும் திரையில் உள்ளதாகவே இருக்க வேண்டும். இணைய எழுத்துரு இறங்கி முடிக்கும் முன்பே அளந்தால், வேறு எழுத்துருவின் அகலம்தான் கைக்கு வரும். விடை 84.3 என்றால் 85 என்று மேலே ஏற்றுங்கள். 84 என்று வெட்டினால் கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தாவிவிடும்.

இடம் போதாதபோது வாலை வெட்டுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. குறியீட்டை எண்ணி வெட்டினால் 'ங்' புள்ளியை இழந்து 'ங' ஆகிவிடும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது, பயர்பாக்ஸுக்கும் 2024-இல் வந்துவிட்டது. அளவு கடைசியில் வரும் சரக்கென்றால் பெயரின் நடுவில் வெட்டுங்கள்.

பட்டியலின் நெடுவரிசையை இழுத்து அகலம் மாற்றும்போது நொடிக்கு நொடி மறுபடி அளப்பதைப் பலர் செய்கிறார்கள், திரை திக்குகிறது. பெட்டியின் அகலம் மாறினாலும் சொல்லின் அகலம் மாறாதே! ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். சொல்லோ எழுத்துருவோ எழுத்தின் அளவோ மாறினால் மட்டும் திரும்ப அளக்கலாம்.

எழுத்தின் அளவு நிச்சயம் மாறும். கல்லாவில் உட்காரும் பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைப்பார்கள். எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் அமைப்பதற்கான இணைய அணுகல் நெறியும் (WCAG) எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் எதுவும் மறையக்கூடாது என்கிறது. பொத்தான்களுக்கு நிலையான அகலமே தராமல், இருபுறமும் இடைவெளி மட்டும் கொடுத்து, மீதியை, பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் (CSS) விட்டுவிடுங்கள். ஒப்படைக்கும் முன், ஊர்ப் பெயர் போடும் பெட்டியில் 'கானாடுகாத்தான்' என்று அடித்து, 200 சதவீதத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.