ஒமுரைசு ‘முட்டை சாதம்’ ஆகாது

ஜப்பான் உணவுக் காணொளிகளுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறவர்கள், கெட்சப் சோற்றை ஆம்லெட்டோடு பரிமாறும் ஒமுரைசு வந்தாலே ‘முட்டை சாதம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கியோத்தோவின் கிச்சி கிச்சி கடையில் சமையல்காரர் பழுப்புப் புள்ளிகூட விழாத ஆம்லெட்டைச் சிவந்த சோற்றின்மேல் சரித்து, கத்தியால் நீளவாக்கில் கீறி விரித்துக்கொண்டிருப்பார். கீழே ‘முட்டை சாதம் தயார்’ என்று ஓடும்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ஆம்லெட்டுக்கு ஜப்பானியர் சொல்லும் ‘ஒமுரெட்சு’வின் தலைப்பகுதியோடு ‘ரைசு’வை ஒட்டி அவர்களே செய்துகொண்ட பெயர் இது. பிரெஞ்சு ஆம்லெட்டின் வேரோ மெல்லிய தகட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல். முட்டை என்ற சொல் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

நம்மூரில் முட்டை சாதம் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றிப் பொடிமாசாகக் கிளறி, வடித்த சோற்றைக் கொட்டிப் பிரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்குவது. அதில் முட்டையும் சோறும் ஒன்றோடொன்று கலந்துவிட வேண்டும். ஒமுரைசில் கலக்கவே கூடாது. ஒரு வாணலியில் கோழித்துண்டும் வெங்காயமும் வெண்ணெயில் வதங்கும். அதில் மூன்று மேசைக்கரண்டி கெட்சப்பை முதலில் தனியாகச் சுண்டவிட்டு, பிறகுதான் 200 கிராம் சோறு சேரும். கெட்சப்பைச் சோற்றின் தலையில் நேரே ஊற்றினால் புளிப்பு நிற்கும், சோறும் குழையும். முட்டைக்கு 20 செ.மீ. வாணலி தனி. மூன்று முட்டையை ஊற்றி, நல்ல சூட்டில் குச்சியால் விறுவிறுவென்று கிளறி, அடி இறுகி மேல் தளர்வாக இருக்கும்போதே ஓரத்துக்குத் தள்ளி உருட்ட வேண்டும். சில நொடி கூடினால் உள்ளே இறுகிப்போய், கீறினாலும் விரியாது. குறைந்தால் தட்டுக்கு மாற்றும்போதே தோல் கிழியும். இத்தனை பாடுபட்டுப் பிரித்து வைத்ததைத்தான் ஒரு மொழிபெயர்ப்பு ஒரே நொடியில் கலந்துவிடுகிறது.

முட்டை சாதம் என்ற பெயருக்கு ஓரளவு பொருந்தும் ஒமுரைசு ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோக்கியோ கின்சாவில் 1895இல் தொடங்கிய ரெங்காதேய் உணவகத்தில், கடை ஆட்கள் வேலைக்கிடையே சாப்பிடச் செய்துகொண்டது அது. முட்டைக் கலவையிலேயே சோற்றைச் சேர்த்துப் பொரிப்பார்கள். ஆனால் இன்று உலகம் அறிந்த வடிவங்கள் வேறு. ஒசாக்காவின் ஹொக்கியொகுசேய், வயிற்றுக் கோளாறால் தினமும் ஆம்லெட்டும் வெறுஞ்சோறுமே கேட்ட வாடிக்கையாளருக்காக 1925இல் கெட்சப் சோற்றை மெல்லிய முட்டையில் சுற்றிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறது. கீறி விரிக்கும் வகைக்குப் பெயர்போனது தோக்கியோ நிஹொன்பாஷியின் தைமேய்கென். ஜூசோ இதாமியின் 1985ஆம் ஆண்டுப் படமான ‘தம்போபோ’வின் பெயரால்தான் அங்கே அது இன்றும் பட்டியலில் இருக்கிறது.

‘ஆம்லெட் சாதம்’ என்போர் கொஞ்சம் நெருங்கி வருகிறார்கள். ஆனாலும் தமிழ் வாசகர் மனத்தில் ஆம்லெட் என்றால் வெங்காயம் போட்டுத் தட்டையாகச் சிவக்கச் சுட்டது. ஜப்பானில் சிவந்தால் அது குறை. மேலே தோல், உள்ளே தளதளப்பு என்ற பக்குவத்துக்குக் கொங்குநாட்டுப் பரோட்டாக் கடைகளில் ‘கலக்கி’ என்று அருமையான சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, கடைப்பலகையைப் படிப்பதில்லை.

‘சாதம்’ என்பதும் இடிக்கிறது. சோறு என்று எழுதக் கூச்சப்படுகிறவர்களின் சொல் அது. மேலும், ஜப்பானிய உணவகத்தில் ‘ரைசு’ என்றால் மேலைப்பாணி உணவோடு தட்டில் வருவது. கிண்ணத்தில் வரும் சோறு ‘கோஹன்’. நம் ஓட்டல்களில் ‘சாதம்’ ஒன்றாகவும் ‘ரைஸ்’ வேறொன்றாகவும் ஆகிவிட்டது போலத்தான்.

‘முட்டைப்பொதி சோறு’ என்றொரு ஆக்கமும் உலவுகிறது. கேட்க அழகு, ஆனால் சுற்றிய வகைக்கு மட்டுமே சரி. மேலே வைத்து விரிப்பதில் பொதி ஏது? ‘முட்டை போர்த்திய சோறு’ என்றால் இரண்டும் அடங்கும். நண்டு கலந்த ஆம்லெட்டை வெள்ளைச் சோற்றின்மேல் கவிழ்த்து, கெட்டிச் சாறு ஊற்றும் தென்ஷின்ஹனும் அதில் நுழையப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆகவே இதை விளக்கமாக வைத்துக்கொண்டு, பெயரைப் பெயராகவே விடுவது தெளிவு. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில், பொரித்த சோற்றை முட்டையில் சுற்றித் தருவதை ‘நாசி கோரேங் பட்டாயா’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அதை முட்டை சாதமாக்க அங்கே யாரும் மெனக்கெடவில்லை.

எழுத்துக்கூட்டிலும் ஒரு திருத்தம். ‘ஓமுரைஸ்’ என்று நெடில் போட வேண்டாம். ஜப்பானிய மூலத்தில் முதலெழுத்து குறில், நம்மிடம் அதற்கு ‘ஒ’ இருக்கிறது. கடைசி உகரத்தை அவர்கள் பாதி விழுங்கிச் சொல்வார்கள். அதுவும் நம் குற்றியலுகரத்துக்கு ஏறக்குறைய ஒத்துவருவதால், ‘அரசு’, ‘முரசு’ போல ‘ஒமுரைசு’ என்றே எழுதலாம், கிரந்த எழுத்துக்கு வேலையே இல்லை.