படுக்கையறைக் கதவில் பூட்டு தொங்கினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "ஒப்பந்தத்துல மூணு பேர்தான், உள்ளே எத்தனை பேரோ தெரியலை தம்பி" என்று அடிக்கடி போன் வரும். பெரும்பாலும் சாட்ஸ்வொர்த், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கத்துப் பெரியம்மாக்கள், அந்த வாடகையில்தான் அவர்களுக்கு மாதம் ஓடுகிறது.

நான் முதலில் கேட்பது தண்ணீர் பில். வாசலில் செருப்பு கிடப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, காவடி சமயத்தில் என் வீட்டிலேயே இருபது ஜோடி கிடக்கும். ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை என்று வந்தார்கள். மாதம் 14 கிலோலிட்டர் ஓடிக்கொண்டிருந்தது 37 ஆகிவிட்டது. கசிவோ என்று எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி மீட்டரைப் பார்த்தோம், அசையவே இல்லை.

அப்புறம் தேதி சொல்லிவிட்டு உள்ளே போனோம். (திடுதிப்பென்று நுழையக் கூடாது, வாடகைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.) வீடு பளிச்சென்று இருந்தது, கூடுதல் மெத்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்று படுக்கையறைக் கதவிலும் வெளிப்பக்கம் புதுக் கொண்டி, பித்தளைப் பூட்டு. சமையலறையில் நாலு அரிசி டப்பா, ஒவ்வொரு மூடியிலும் மார்க்கரில் ஒரு பேர். ஒரே குடும்பம் அரிசியைப் பிரித்து வைக்குமா? பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம், மாணவர்களுக்கு அறை அறையாக உள்வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் வீட்டை எடுத்த மனிதர்.

வீட்டுக்காரம்மாவின் மகன் "பூட்டை மாத்திடலாம் அங்கிள், கரண்டைக் கட் பண்ணிடலாம்" என்று குதித்தான். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசியல் சட்டம் 26(3) சொல்கிறது. 1998-ன் 'பை' (PIE) சட்டப்படி, அதாவது சட்டவிரோதமாக வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டப்படி, உத்தரவில்லாமல் வெளியேற்றுவது குற்றம், சிறைகூடக் கிடைக்கலாம். அனுமதியில்லாமல் குடியிருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு, அதனால் "அவங்க வாடகைக்காரங்களே இல்லையே" என்ற வாதம் எடுபடாது. வழக்குப் போடும்போது அவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால், வேறு எங்கே போவார்கள் என்பதையும் நீதிபதி பார்ப்பார். பில் ஏறிய மாதமே என்னைக் கூப்பிடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான்.

சரி, நாங்கள் செய்தது என்னவென்றால், ஒப்பந்தத்தை மீறியதைத் தேதி போட்டு எழுதி, சரிசெய்ய 20 வேலைநாள் கொடுத்தோம். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போயிருக்கலாம், அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் வெளியேற்றும் உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நல்லவேளையாக அதுவரை போகவில்லை. பருவத் தேர்வு முடிந்ததும் பையன்கள் தாங்களாகவே போய்விட்டார்கள், பாவம், அவர்களும் முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள்தான்.

குடிவரும் நாளில் வாடகைக்காரரையும் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தோம். அந்தத் தாள் இருந்ததால் கதவுகளில் இருந்த ஆணி ஓட்டைகளுக்கான செலவை டெபாசிட்டில் கழிக்க முடிந்தது.