நிலைகுலைந்த மார்பு நெரிப்பு: சொல் விளக்கம்

மருத்துவர்கள் 'அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா' என்று சொல்லும் நோய்நிலை தமிழில் 'நிலையற்ற மார்பு வலி' என்றோ 'நிலையற்ற நெஞ்சு வலி' என்றோ எழுதப்படுவதைப் பார்க்கிறோம். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் இந்நோய் உள்ள ஒருவரை ஆய்வில் சேர அழைக்கும் ஒப்புதல் படிவத்தில் இந்தப் பெயர் அச்சாகும்போது, அதிலுள்ள இரு சொற்களுமே அவரைத் தவறான பொருளுக்குக் கொண்டுபோகக்கூடும்.

'ஆஞ்சைனா' இலத்தீன் சொல். இறுக்குதல், நெரித்தல் என்று பொருள்படும் 'ஆங்கெரே' என்ற இலத்தீன் வினையும், கழுத்தை நெரித்தலைக் குறிக்கும் 'அங்கோனே' என்ற கிரேக்கச் சொல்லும் அதற்கு உறவு. தொடக்கத்தில் அது மார்பைக் குறிக்கவே இல்லை. வீங்கி மூச்சை அடைக்கும் தொண்டை நோய்க்கே அது பெயராக இருந்தது. லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் 1768-இல் வில்லியம் ஹெபர்டன் படித்து, 1772-இல் அச்சான கட்டுரைதான் 'மார்பின்' என்று பொருள்படும் 'பெக்டோரிஸ்' என்பதைச் சேர்த்து இதயம் சார்ந்த இந்நோய்க்கு அப்பெயரை நிலைநாட்டியது. நடக்கையில், அதிலும் மேட்டில் ஏறுகையில் வந்து, நின்றவுடன் மறைந்துவிடும் தொல்லையாக அவர் அதை விவரித்தார். நெரிபடும் உணர்வும் அதனோடு வரும் கலக்கமுமே அப்பெயரைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம்.

ஆகவே மூலச் சொல்லில் 'வலி' இல்லை. நோயாளர் பலரும் வலி என்று சொல்வதும் இல்லை. 'இறுக்கிப் பிடிக்குது', 'பாரம் வைத்த மாதிரி அழுத்துது' என்று சொல்லிக்கொண்டே, மூடிய முட்டியை நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவார்கள். ஆய்வின் வினாத்தாளில் 'மார்பு வலி இருந்ததா?' என்று கேட்டால், இப்படிப்பட்ட ஒருவர் உண்மையாகவே 'இல்லை' என்று பதில் சொல்லிவிடுவார். தமிழில் 'குரல்வளையை நெரித்தல்' என்கிறோம். இலத்தீன் தொண்டையிலிருந்து மார்புக்குக் கொண்டுபோன அதே வினை நம்மிடம் ஆயத்தமாக இருக்கையில், 'மார்பு நெரிப்பு' என்பதைவிடப் பொருத்தமான பெயர் தேட வேண்டியதில்லை. 'மாரடைப்பு' என்ற வழக்குச் சொல்லிலிருந்தும் அது தெளிவாக விலகி நிற்கிறது.

பெரிய இடர் 'நிலையற்ற' என்பதில் இருக்கிறது. நிலையாமை என்றால் நீடிக்காமை என்றே தமிழ்க் காது கேட்கும். நிலையற்ற செல்வம், நிலையற்ற வாழ்வு என்பன போல, நிலையற்ற வலியும் தானே போய்விடும் வலி என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவப் பொருளோ நேர் எதிரானது. இத்தனை தூரம் நடந்தால் வரும், சில நிமிடம் ஓய்ந்தால் போகும் என்று ஓர் ஒழுங்கில் வந்துகொண்டிருந்த நெரிப்பு அந்த ஒழுங்கை இழந்து, ஓய்வில் இருக்கும்போதே வருவதும், இருபது நிமிடத்துக்கும் மேல் நீடிப்பதும், அடுத்தடுத்துக் கடுமையாவதும், இதுவரை இல்லாதவருக்குப் புதிதாகக் கடுமையாகத் தொடங்குவதும் இப்பெயருக்குள் அடங்கும். பெரும்பாலும் இதயத் தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தத் தட்டணுக்கள் திரண்டு, குழாயை ஓரளவு அடைத்திருக்கும். மாரடைப்பு நெருங்கியிருக்கக்கூடிய நிலை இது. இதைச் சுட்ட 'நிலைகுலைந்த' என்பதே தக்க அடை. இதற்கு இணையான 'ஸ்டேபிள்' வகையை 'நிலையான' என்று எழுதினால் எப்போதும் இருக்கும் வலி என்றாகிவிடும். 'சீரான மார்பு நெரிப்பு' எனலாம்.

இப்பெயரின் எல்லையும் ஒரே இடத்தில் நின்றதில்லை. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1983-இல் வெளியான ஆய்வில், இந்நிலையில் இருந்த 1,266 ஆண்களில் ஒரு பகுதியினர் 12 வாரம் நாளுக்கு 324 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மற்றவர்கள் மருந்துச் சத்து இல்லாத ஒப்பீட்டு மருந்தும் பெற்றனர். இறப்போ மாரடைப்போ நேர்ந்தவர்கள் ஆஸ்பிரின் பெற்றோரில் 5 விழுக்காடு, மற்றவர்களில் 10.1 விழுக்காடு. அன்று ட்ரோபோனின் அளவிடும் வழக்கம் இல்லை. இதயத் தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் அந்தப் புரதம் 2000-ஆம் ஆண்டின் மாரடைப்பு வரையறையில் முதன்மை இடம் பெற்ற பிறகு, முன்பு நிலைகுலைந்த நெரிப்பு எனப்பட்டவர்களில் பலர் சிறிய மாரடைப்பு உற்றவர்களாகக் கணக்கிடப்பட்டனர். பழைய ஆய்வையும் புதிய ஆய்வையும் அருகருகே வைத்துப் படிப்பவர், பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் மனிதர்கள் வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

'கிளினிக்கல் டிரையல்' என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கிளினிக்கல்' என்பதன் வேர், படுக்கையைக் குறிக்கும் 'கிளினே' என்ற கிரேக்கச் சொல். நோயாளரின் படுக்கையருகே நிகழ்வது என்பது அதன் கருத்து. இதை 'மருத்துவப் பரிசோதனை' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை என்று பழகியவர், தம் நோயைக் கண்டறிய எடுக்கும் இன்னொரு பரிசோதனை என்று நம்பியே கையெழுத்திட்டுவிடுவார். 'மருத்துவ ஆய்வு' என்பதில் அந்த மயக்கம் குறைவு. யாருக்கு எந்த மருந்து என்பதைத் தற்செயலாகப் பிரிக்கும் முறைக்கு, பள்ளிக் கணக்கில் பழகிய 'சமவாய்ப்பு' பொருந்தும். ஆனால் படிவத்தில் 'குலுக்கல் போல' என்று ஒரு வரி விளக்கமும் சேர வேண்டும்.

இவற்றையெல்லாம் கொண்டு படிவத்தின் முதல் பத்தியை இப்படி எழுதலாம்: 'ஓய்வில் இருக்கும்போதும் உங்கள் மார்பில் இறுக்கமோ அழுத்தமோ வந்திருக்கிறது. இதற்கு நிலைகுலைந்த மார்பு நெரிப்பு என்று பெயர். இது மாரடைப்பாக மாறக்கூடும். வழக்கமான சிகிச்சையோடு ஒரு புதிய மருந்தைச் சேர்த்தால் பயன் உண்டா என்று அறிய இந்த மருத்துவ ஆய்வு நடக்கிறது. அந்த மருந்து உங்களுக்குக் கிடைக்குமா, மருந்துச் சத்து இல்லாத மாத்திரை கிடைக்குமா என்பது குலுக்கல் போலத் தீர்மானிக்கப்படும். நீங்கள் சேர மறுத்தாலும், சேர்ந்த பின் விலகினாலும், உங்கள் வழக்கமான சிகிச்சை தொடரும்.'