ஓதமேறிய சுவருக்கு முதல் மருந்து பெயிண்ட் அல்ல

சுவரின் ஒரு மூலையில் பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே மாவு போல ஏதோ நொறுங்குகிறது. உடனே கூப்பிடப்படுபவர் பெயிண்டர். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, 'டேம்ப் ப்ரூஃப்' என்று எழுதிய டப்பாவிலிருந்து இரண்டு கோட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்திலோ, அதற்கு ஓரடி மேலேயோ மறுபடியும் கொப்புளம். நீர்க்கசிவு வேலைக்கென்று எங்களைக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் இந்தச் சுற்று இரண்டு மூன்று தடவை நடந்து முடிந்திருக்கிறது.

பெயிண்டர் மேல் குற்றமில்லை, அவர் செய்தது அவருடைய வேலை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை, அதுதான் குறை.

செங்கல்லும் காரையும் நுண்துளை நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றில் தண்ணீர் ஏறும், பரவும், பிறகு காற்றுப்படும் பக்கமாக ஆவியாகி வெளியேறும். அந்தப் பக்கத்தை நீர்புகாத படலம் கொண்டு மூடினால் வருகிற தண்ணீர் நின்றுவிடாது. படலத்துக்குப் பின்னால் தேங்கி அதைத் தள்ளும், இல்லையென்றால் மூடாத இடம் தேடி மேலே நகரும். சுவரிலும் மண்ணிலும் உள்ள உப்பையும் அது கரைத்துக்கொண்டே வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகிறது. கொப்புளத்தை உரித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். காரையின் மேல் பஞ்சு போல, மெல்லிய ஊசி ஊசியாக வெண்மை நிற்கும். பூசணம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சிட்டிகை எடுத்துச் சொட்டுத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், பூசணம் கரையாது. இந்தப் படிகங்கள் வளர வளரக் காரையின் துளைகளை உள்ளிருந்தே பிளக்கின்றன. அழுத்தியதும் மாவாக உதிர்வது அதனால்தான்.

எப்போது நனைகிறது?

எங்கே நனைகிறது என்பதைவிட எப்போது நனைகிறது என்பதே அதிகம் சொல்லும். ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடு வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து கவனியுங்கள். மழை பெய்த நாள், துணி துவைத்த நாள், வீடு பூட்டிக் கிடந்த நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்த சில மணி நேரத்தில் திட்டு விரிந்து, வெயில் அடித்தால் சுருங்கினால் வழி வெளியிலிருந்துதான்: தளம், வெளிச்சுவர் வெடிப்பு, ஜன்னல் ஓரம். சுவர் கனமாக இருந்தால் ஈரம் உள்ளே தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும், அதனால் மழை நாளோடு மட்டும் பொருத்திப் பார்க்காதீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் ஆளில்லாத வாரத்தில் காய்ந்து, ஆள் வந்ததும் நனைந்தால் குளியலறைக் கழிவு வழி. தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம் வரை, சுவர் நெடுக ஒரே மட்டத்தில் கறைக்கோடு விழுந்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம்.

உப்பே இல்லை, கறைக்கோடும் இல்லை, அலமாரிக்குப் பின்னாலும் மூலைகளிலும் கருப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் பெரும்பாலும் அது கசிவே அல்ல. அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இதை உறுதிசெய்ய, அரை மீட்டர் சதுர பாலிதீன் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நீர் பூத்திருந்தால் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் பூத்திருந்தால் சுவரிலிருந்து வரும் ஈரம். காற்றின் ஈரமாக இருந்தால் அலமாரியைச் சுவரிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி வையுங்கள், ஈரத் துணியை அந்த அறையில் காயப்போடாதீர்கள், குளித்து முடித்தபின் எக்ஸாஸ்ட் விசிறி கால் மணி நேரமாவது ஓடட்டும். உடைப்பு வேலை எதுவும் வேண்டாம். கருப்புப் புள்ளிகளைத் துடைக்க ப்ளீச்சிங் கரைசல் போதும், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆனால் அதோடு கழிப்பறை ஆசிடையோ அமோனியா கலந்த கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். வெளிவருவது நச்சுவாயு.

குழாயா, கழிவு வழியா?

குளியலறைக்குப் பின்சுவர் நனைந்தால் டைல்ஸ் முழுவதையும் உடைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் பணம் செலவாகாத இரண்டு சோதனைகள் உள்ளன.

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் வால்வையும் சேர்த்து மூடுங்கள், அது ஒழுகினால் கணக்குத் தப்பும். மீட்டர் இருந்தால் எண்ணைக் குறித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி என்றால் இரவில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வழியும் அடைத்திருக்க வேண்டும். மீட்டர் எண் நகர்ந்திருந்தாலோ தொட்டி மட்டம் இறங்கியிருந்தாலோ வருகுழாயில் எங்கோ கசிவு. அதன்பின் குளியலறை, சமையலறை என்று ஒவ்வொரு வால்வாக மூடிச் சோதித்தால் கிளை அகப்படும். கிளை தெரிந்த பிறகு பிளம்பர் குழாய் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள்ளை ஒரு மணி நேரம் கவனிப்பார். குளிர்நீர், வெந்நீர் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீர்க் குழாய் விரிந்து சுருங்கியே இணைப்பு தளர்வதால் அதில் கசிவு கூடுதல்.

எண்ணும் நகரவில்லை, மட்டமும் இறங்கவில்லையென்றால் கழிவு வழிக்கு வாருங்கள். தரையில் கழிவுநீர் இறங்கும் ட்ராப்பின் வாயைத் துணிப்பந்தும் பாலிதீனும் வைத்து இறுக்கமாக அடைத்து, சமையலுக்குப் பயன்படும் வண்ணப்பொடி கலந்த தண்ணீரைத் தரையில் 2 செ.மீ. உயரம் நிறுத்துங்கள். வாசற்படி தாண்டி வழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் கீழ்த்தளத்திலோ பின்சுவரிலோ நிறம் தெரிந்தால் தரையே கசிகிறது. தெரியாவிட்டால் அடைப்பை எடுத்து நீரை வெளியேற்றிவிட்டு, வேறு நிறத்தில் இரண்டு வாளித் தண்ணீரை நேரே ட்ராப்புக்குள் ஊற்றுங்கள். இப்போது தெரிந்தால் குழாய் இணைப்பு.

தரையே கசிகிற வீடுகளில் உடைத்துப் பார்த்தால் குற்றவாளி அநேகமாக ஒரே இடம்தான்: ட்ராப்பின் கழுத்து. வழவழப்பான பிளாஸ்டிக் குழாய், அதைச் சுற்றிச் சிமெண்ட் கலவை. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. கலவை காய்ந்து சுருங்கும்போது வளையம் போல மயிரிழை இடைவெளி விழுகிறது. டைல்ஸ் இடுக்கில் இறங்கிய தண்ணீர் அடியில் உள்ள கலவைப் படுகை முழுவதும் பரவி, கடைசியில் இந்த வளையம் வழியாக இறங்குகிறது. ஆகவே டைல்ஸ் இடுக்கை எபாக்சி கிரவுட் கொண்டு நிரப்புவது கசிவைக் குறைக்கலாம், நிறுத்தும் என்று நம்ப முடியாது. சரியான வேலை என்றால் ட்ராப்பைச் சுற்றி ஓரடி உடைத்து, குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சுருங்காத கிரவுட் ஊற்றி, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சைக் குழாய் வாய்க்குள் சற்று மடங்கும்படி வலை வைத்துப் பூச வேண்டும். டைல்ஸ் பதிப்பதற்கு முன் மறுபடியும் ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மொட்டை மாடி

தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாட்டம். 1 மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கமாவது மழைநீர் வாயை நோக்கி இருக்க வேண்டும். மழை விட்டு ஒரு நாள் கழித்து மேலே போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பள்ளத்தை நிரப்பாமல் மேலே எந்தப் பூச்சு அடித்தாலும் அதன் ஆயுள் குறையும்.

அடுத்தது கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை. வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, சுவர் அதே அளவு அசைவதில்லை. ஆகவே அந்த மூலையில் வெடிப்பு விழுந்தே தீரும். மூன்றாவது மழைநீர்க் குழாயின் வாய். ட்ராப் கழுத்தில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது.

வெடிப்பின் மேலேயே பூசிவிடுவது வீண். 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டி, தூசு ஊதி, பாலியூரிதேன் சீலண்ட் நிரப்புங்கள். மூலையில் 5 முதல் 7 செ.மீ. அளவுக்குக் கலவையால் வட்டமாக வளைத்துப் பூசுங்கள். செங்குத்தான மூலையில் எந்தப் படலமும் கிழியும். பிறகு பூச்சு. சிமெண்ட் கலந்த அக்ரிலிக் வகை என்றால் தளத்தை நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்து, ஈரம் மட்டும் இருக்கையில் முதல் கோட். அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையை மூலைகளில் அழுத்திவிட்டு, முதல் கோட் காய்ந்தபின் குறுக்குத் திசையில் இரண்டாம் கோட். கைப்பிடிச்சுவரிலும் 30 செ.மீ. உயரம் ஏற்றிப் பூச வேண்டும். கலவை கெட்டியாகத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றி இளக்குவது பரவலான பழக்கம், அது பூச்சின் பலத்தையே எடுத்துவிடும். கெட்டியானதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே சரி.

தண்ணீர் நிறுத்திச் சோதிக்கும்போது எடையை நினைவில் வையுங்கள்: 5 செ.மீ. உயர நீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. பழைய தளத்தில் 2.5 செ.மீ. போதும். மட்டம் குறைந்தால் கசிந்ததா, ஆவியானதா என்ற குழப்பம் வரும். ஓர் அகலத் தட்டில் அதே உயரத்துக்கு நீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

கூரையின் அடிப்பக்கம் செம்பழுப்புக் கறையோ கம்பி நெடுகிலும் வெடிப்போ தெரிந்தால் இது பூச்சு வேலைக்கு அப்பாற்பட்டது. கம்பி துருப்பிடிக்கும்போது இரும்பைப்போல் பல மடங்கு இடம் அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உடைக்கிறது. கட்டடப் பொறியாளர் பார்க்காமல் மேலே பட்டி பூசி மறைப்பது ஆபத்து. பெயர்ந்து விழும் துண்டு யார் தலையிலும் விழலாம்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதம்

உடைக்கத் தொடங்கும் முன் வெளியே போய்ப் பாருங்கள். தோட்டத்து மண் சுவரை ஒட்டிக் குவிந்திருக்கிறதா? நடைபாதைக் கல் பதித்துப் பதித்து வெளித்தரை உள்தரைக்குச் சமமாக உயர்ந்துவிட்டதா? வெளித்தரை உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்து, சுவரிலிருந்து விலகி வாட்டம் இருக்க வேண்டும். மண்ணை அள்ளியதிலேயே பாதி குணமான சுவர்கள் உண்டு.

அதன்பின்னும் ஏறினால் அடிவரிசைக் காரை இணைப்பில், வெளித்தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், 12 மி.மீ. துளைகளை 10 முதல் 12 செ.மீ. இடைவெளியில் போட்டு, நீரை விலக்கும் சிலேன் வகை க்ரீமைச் செலுத்துவது ஒரு வழி. அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது. கறைக்கோட்டுக்கு மேலே 30 செ.மீ. வரை பழைய காரையை எடுத்துவிடுங்கள், அதில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தையே இழுக்கும். உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும். மறுபூச்சுக்குச் சுண்ணாம்புக் கலவை நல்லது, சுவர் மூச்சுவிடும். ஜிப்சம் பூச்சு அங்கே ஊறிப் போகும். டைல்ஸோ சலவைக்கல்லோ ஒட்டி மறைத்தால் ஓதம் அதன் மேல்விளிம்புக்கு ஏறிவிடும்.

நனைந்த சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மின்வழியை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் துண்டிக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயிண்ட் எப்போது?

வழியை அடைத்த அன்றே சுவர் காய்ந்துவிடாது. 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒரு செங்கல் கனச் சுவர் என்றால் பல மாதம். அறையைத் திறந்து வையுங்கள், விசிறி ஓடட்டும், பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி விடுங்கள். பென்சில் கோட்டுக்குள் திட்டு சுருங்கிக்கொண்டே வரும். முழுக்க வெளுத்தபின் அதே பாலிதீன் தாளை மறுபடி இரண்டு நாள் ஒட்டிப் பாருங்கள். சுவர்ப் பக்கம் ஒரு துளியும் பூக்கவில்லை என்றால் பெயிண்டரைக் கூப்பிடலாம். பூத்திருந்தால் தாளை எடுத்துவிட்டு, புதுத் தேதி எழுதி இன்னும் ஒரு மாதம் காயவிடுங்கள்.