ஸூனோசிஸ்: விலங்குவழித் தொற்று

ஸூனோசிஸ் என்பது விலங்கைக் குறிக்கும் ‘ஸோவோன்’, நோயைக் குறிக்கும் ‘நோசோஸ்’ ஆகிய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. 19ஆம் நூற்றாண்டில், பன்றி இறைச்சி வழியே மனிதரைப் பற்றும் டிரிக்கினெல்லா உருளைப்புழுவை ஆராய்ந்த ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ இச்சொல்லை ஆக்கியவராகக் கருதப்படுகிறார்.

வேர்ச்சொற்களை மட்டும் பார்த்தால் ‘விலங்கு நோய்’ என்றே பெயர்க்கத் தோன்றும். ஆனால், மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று, 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோய் மனிதரைத் தொற்றியதில்லை. அது விலங்கு நோயே தவிர ஸூனோசிஸ் அன்று. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும் மனிதருக்கும் இடையே இயற்கையாகப் பரவும் நோய்களும் தொற்றுகளும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 1959ஆம் ஆண்டு வரையறை.

அதில் ‘தொற்றுகளும்’ என்று சேர்த்தது மிகப் பொருத்தம். எக்கினோகாக்கஸ் என்னும் நாய் நாடாப்புழு 7 மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டுவது அரிது. அதைக் குடலில் சுமக்கும் நாய் பெரும்பாலும் எந்த நோய்க்குறியும் இன்றி ஓடியாடித் திரியும். அதன் மலத்தில் வெளியேறும் முட்டைகளைப் புல்லோடு தின்னும் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உருவாகின்றன. கட்டியுள்ள ஈரலை இறைச்சிக்கூடத்தில் வெட்டி எறிய, அதைத் தின்னும் நாயிடம் சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றுக்கும் அம்முட்டைகள் போய்ச் சேரலாம். ஈரலில் மெல்ல வளரும் கட்டி பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். இங்கே நாய்க்கு இருப்பது தொற்று, குழந்தைக்கு வருவது நோய். ஆகவே ‘விலங்குவழி நோய்’ என்பதைவிட ‘விலங்குவழித் தொற்று’ என்பதே செம்மையான தமிழாக்கம் என்பது என் துணிபு.

இத்துறையின் மற்றொரு சொல்லான ‘ஒட்டுண்ணி’யில் குறையேதும் இல்லை. பாராசைட் என்பதன் கிரேக்க மூலம் பிறர் உணவில் பங்குகொள்பவரைச் சுட்டியது. தமிழ்ச்சொல் ஒட்டுதலையும் உண்ணுதலையும் ஒருசேரக் காட்டுகிறது.

‘விலங்குவழி’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மனிதக் காசநோய்க் கிருமி வளர்ப்பு யானைகளைத் தொற்றுவது உறுதிசெய்யப்பட்ட உண்மை. அவ்வாறு எதிர்த்திசையில் செல்வதை ‘மனிதவழித் தொற்று’ என்று தனித்து எழுத வேண்டும்.