வெய்வர்: விலக்கா, விட்டுக்கொடுப்பா, ஒத்திவைப்பா?

ஒபாமாகேர் என்று பரவலாக அறியப்படும் அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் பற்றிய விவாதங்களில் ‘வெய்வர்’ (waiver) என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி அடிபடும். தமிழில் பெரும்பாலும் ‘விலக்கு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சட்டத்தை அமலாக்குவதில் அரசு காட்டிய நெகிழ்வின்மீது எழுந்த குற்றச்சாட்டை விளங்கிக்கொள்ள அந்த ஒரு சொல் போதாது.

இடைக்கால இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வழங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு மொழியில் ‘கைவிடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது வெய்வர். உரியவர் இன்றிக் கிடக்கும் பொருளைக் குறிக்கும் ‘வெய்ஃப்’ இதற்கு உறவுச்சொல். தனக்கு உரியதைத் தானே விடுவதுதான் அடிப்படைப் பொருள் என்பதால், ‘உரிமை விட்டுக்கொடுத்தல்’ என்பதே நேரான தமிழ். கடன் விஷயத்தில் ‘தள்ளுபடி’ என்று மக்களே அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் எல்லோர்மீதும் விதித்த கடமையிலிருந்து சிலரை விடுவிப்பதுதான் ‘விலக்களிப்பு’. தகுந்த மாற்றுத் திட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் 2017 முதல் இந்தச் சட்டத்தின் சில விதிகளிலிருந்து விடுபட அதன் 1332ஆம் பிரிவே வழிசெய்கிறது. ஆங்கிலத்தில் அதை வெய்வர் என்று அழைத்தாலும் தமிழில் விலக்களிப்பு என்பதே பொருந்தும்.

பூசல் கிளம்பியது வேறொன்றால். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் காப்பீடு வழங்க வேண்டும், தவறினால் அபராதம் என்ற விதி, 2013 டிசம்பர் 31க்குப் பிந்தைய மாதங்களுக்குப் பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படியிருக்க, 2013 ஜூலை 2 அன்று, சுதந்திர தின விடுமுறைக்கு இரு நாள் முன்பு, கருவூலத் துறை தன் இணையதளத்தில் ஒரு குறிப்பை வெளியிட்டு அதை ஓராண்டு தள்ளிவைத்தது. 2014 பிப்ரவரியில் நூறு ஊழியருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு 2016 வரை அவகாசம் நீட்டப்பட்டது. இது விலக்களிப்பு அன்று, ‘ஒத்திவைப்பு’. புதிய வரிவிதிகளுக்கு மாறுகாலச் சலுகை தருவது வழக்கமான நிர்வாக நடைமுறையே என்று அரசு வாதிட்டது. சட்டங்கள் நேர்மையாக நிறைவேறுமாறு குடியரசுத் தலைவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அரசியல் சாசனக் கடமையைக் குடியரசுக் கட்சியினர் நினைவூட்டினர். நாடாளுமன்ற இசைவின்றிச் சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் மன்னருக்கு இல்லை என்று இரண்டாம் ஜேம்ஸின் ஆட்சி கவிழ்ந்தபின் 1689இல் இங்கிலாந்து அறிவித்ததையும் சிலர் எடுத்துக்காட்டினர். இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது: சீர்திருத்தத்தை ஆதரித்த சட்டப் பேராசிரியர் நிக்கோலஸ் பாக்லியும் இந்த ஒத்திவைப்புகள் அரசின் அதிகார வரம்பைத் தாண்டுவதாகவே எழுதினார். எனக்கும் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. தேதி சட்டத்தில் இருக்கும்போது அதை மாற்றுவது சட்டம் இயற்றியவர்களின் வேலை.

பின்னர் காட்சி தலைகீழானது. 2017 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் பிறப்பித்த ஆணை, சுமையாகும் விதிகளைச் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு ‘விட்டுக்கொடுக்கவும், ஒத்திவைக்கவும், விலக்களிக்கவும், தாமதப்படுத்தவும்’ துறைகளைப் பணித்தது. வெய்வர் அங்கே நான்கு வினைகளுள் ஒன்று மட்டுமே. அதே ஆண்டு டிசம்பரில், காப்பீடு எடுக்காத தனிநபருக்கான அபராதத்தை 2019 முதல் சுழியமாக்கியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய வரிச்சட்டம்; அதற்கு இந்த நான்கில் எதுவும் தேவைப்படவில்லை, ‘சட்டத்திருத்தம்’ என்றே சொல்லிவிடலாம்.